பதினாறு கோடுகள்

சூப்பில் உப்பு குறைந்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. அதற்காக உப்பைக் குற்றவாளியாக எழுதிக்கொள்ள வேண்டாம், ஆபீசர். உட்காருங்கள். நான் எங்கும் ஓட மாட்டேன்; கையில் இரண்டு ஊசி இருக்கிறது, இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

டுலூத் நகரின் இந்த டயாலிசிஸ் கூடத்தில் எனக்கு ஆறு வருடம். திங்கள், புதன், வெள்ளி. எனக்கு நாலரை மணி நேரம். பக்கத்து நாற்காலி ஆர்வில் டெக்ஸ்ட்ராவுக்கு மூன்றரைதான். சீட்டாடுவோம். அவன் எழுந்து போன பிறகு வருகிற அந்த ஒரு மணி நேரத்தில், ஜன்னல்கூட என் பக்கம் திரும்பாது.

பிறகு நர்ஸ் மரீட் ஒரு ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டு வந்தாள். விலா இடுக்கில் வைத்தால், நுரையீரலில் நிற்கிற தண்ணீர் வெள்ளைக் கோடு கோடாகத் திரையில் தெரியும். கோடு கூடினால் நாற்காலி நேரமும் கூடும்.

"பதினாறு கோடு இருக்கு, ஆர்வில். இன்னும் அரை மணி உக்காரணும்."

"கோடு எண்ண நான் என்ன வரிக்குதிரையாம்மா?"

அந்த அரை மணியில் அவன் என்னிடம் மூன்று ஆட்டம் தோற்றான். ஆறு வருடத்தில் எனக்கு நேரம் போனதே தெரியாத அரை மணி அது.

அடுத்த தடவை சூப் கொண்டுவந்தேன். "உப்பே போடலடா" என்றேன். சிறுநீரகம் போன எங்கள் நாக்குக்கு எல்லாமே தகர ருசிதான், நம்பிவிட்டான். உப்பு தாகமாகும், தாகம் தண்ணீராகும், தண்ணீர் கோடாகும். இருபத்திரண்டு கோட்டில் அவனுக்கும் நாலரை மணி ஆயிற்று.

"அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?" என்று மரீட் அவனை அதட்டினாள்.

"எல்மர் குடுக்கிற உப்பில்லாத சூப்தான். வேணும்னா அந்தக் கிழவனையே கேளு."

"அவர் மாதிரி ஒரு சிநேகிதர் கிடைக்கணுமே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஆனால் அவள் வேலையில் கெட்டிக்காரி. விடாமல் தண்ணீரை இறக்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை, "ஒம்பது கோடுதான். திங்கள்ல இருந்து பழைய மூன்றரை மணி" என்றாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள், இயந்திரமில்லாத நாள். பெரிய ஜாடி நிறைய சூப் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்வில் தன் படுக்கையிலேயே, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், மூழ்கிப்போனான்.

ஆமாம், நான்தான். ஆனால் கொன்றேன் என்று எழுத வேண்டாம். கொஞ்ச நேரம் கூட உட்காரவைத்தேன், அவ்வளவுதான்.

அவன் நாற்காலிக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்திருக்கிறார், பாருங்கள். மூன்றரை மணிக்காரர். எனக்குக் கை எட்டவில்லை; அந்த ஜாடியைச் சற்று அவர் பக்கம் நகர்த்திவைக்கிறீர்களா?