மூன்று நாள் புகை

நிலக்கரியைக் குழாயில் உறிஞ்ச வேண்டுமானால் முதலில் அது காய்ந்திருக்க வேண்டும் ஐயா. ஈரக்கரி வளைவில் அடைத்துக்கொள்ளும். இது தெரியாமல் எங்கள் ரிப்னிக் பக்கம் நாலைந்து பேர் முயன்று மானம் போனதுதான் மிச்சம். என்னுடையது ஒரு நாளும் அடைத்ததில்லை. சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் காற்றுக் குழாய் பூட்டியவன் நான்.

பழைய வேக்கம் கிளீனர் மோட்டாரை ஒரு தகரப் பீப்பாயின் தலையில் பூட்டி, பீப்பாயை அக்கா வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கு மேலே நிறுத்தினேன். அங்கிருந்து முற்றத்துக் கொட்டகை வரை குழாய். கொட்டகையில் பட்டாணி அளவுக் கரி. விசையைத் தட்டினால் கரி ஆலங்கட்டி மழை மாதிரிச் சடசடவென்று ஓடும். நிறுத்தினால் பீப்பாயின் அடிமூடி தானே திறந்து கரியைக் கொதிகலனுக்குள் கொட்டும். விசையைக் கொட்டகையிலேயே வைத்தேன். ஏன் என்று கேட்டீர்கள். அக்கா படியிறங்கக் கூடாது என்பதற்காக என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

ஊர்சுலா அக்காதான் என்னை வளர்த்தாள். ஒரே முற்றத்தில் அவள் வீடு, என் வீடு. அவள் புருஷனும் போய்ச் சேர்ந்தான், என் மனைவியும் போய்விட்டாள். ஞாயிறு மதியம் அக்கா சுற்றிய இறைச்சியும் மாவுருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் வைப்பாள். எனக்கு வாரம் என்பதே அந்த ஒரு சாப்பாடுதான்.

அவளுக்கு இடுப்பு வலி வந்த பிறகு எதிர்வீட்டு அலோய்ஸ் காலையில் இரண்டு வாளி கரி சுமந்து வந்து கொட்டுவார். அவரும் ஓய்வுபெற்ற சுரங்கக்காரர், மனைவியை இழந்தவர். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் காபி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். என் அக்கா மனசு இரண்டு வாளிக் கரியில் தேய்ந்தது.

இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய அன்று அலோய்ஸ் சிரித்தார்.

"அடப்பாவி செனெக், என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனிமே எந்தச் சாக்குல காபி குடிக்க வருவேன்?"

அக்கா வெட்கப்பட்டாள். அறுபத்தெட்டு வயசில். "சாக்கு எதுக்கு? சும்மா வாங்களேன்" என்றாள்.

மறுநாள் தெருமுனையில் அவரை நிறுத்தி, "அக்காவுக்கு ஊர் வாய்க்குப் பயம். நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அவ சொன்னாச் சரி. காலையில புகை வருதான்னு மட்டும் பாத்துக்கிறேன்" என்றார்.

எங்கள் தெரு வழக்கம் அது. தனியாக இருப்பவர் வீட்டுப் புகைபோக்கியில் எட்டு மணிக்குள் புகை வராவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள்.

மூன்று வாரம் அக்கா ஜன்னலோரமே இருந்தாள். ஞாயிறன்று சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்து, "நீதான் ஏதோ சொல்லியிருக்க" என்றாள். நான் உருண்டையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குக் காலையில கீழ இறங்கிக் கொதிகலன அணைக்கப்போறேன். புகை இல்லேன்னா அலோய்ஸ் ஓடி வருவாரு. நேருக்கு நேராக் கேட்டுடுறேன்."

"போன் பண்ணிக் கேளேன்."

"முகத்தப் பாத்துக் கேக்கணும்டா. அவரு சரின்னா அவரோட கடலோர ஊர் எதுக்காவது குடிபோயிடுவேன். நீ கோவிச்சுக்காதே."

கோபம் இல்லை ஐயா. பயம். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் போய் உட்காருவேன் என்ற பயம்.

திங்கள் காலை கொட்டகையில் இருந்தேன். குழாய்க்குள் சத்தம் கேட்டது. அடிமூடி திறந்திருந்தால் நிலவறைப் பேச்சு குழாய் வழியாக வரும். அதற்கு முன்னால் எனக்கே அது தெரியாது.

"தம்பி... செனெக்... படியில விழுந்துட்டேன்டா. கால அசைக்க முடியல."

உடனே ஓடத்தான் திரும்பினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். கதவில் கை வைத்துவிட்டேன்.

"அலோய்ஸக் கூப்பிடுடா" என்றாள்.

நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன். அவள் அவரைக் கூப்பிடச் சொல்கிறாள்.

கொதிகலனில் அரைநாள் கரிதான் மிச்சமிருந்தது. விட்டிருந்தால் தானே அணைந்திருக்கும், செவ்வாய் காலை புகை இருந்திருக்காது, எட்டு மணிக்கு அவர் வந்து தட்டியிருப்பார். நான் விசையைத் தட்டினேன். கரி ஓடும்போது வேறு எதுவும் கேட்காது. பீப்பாய் நிரம்பினாலும் நிறுத்தாமல் கொஞ்சம் விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் அவரை மறந்து என்னைத் தேடுவாள் என்று ஒரு நினைப்பு. போய் நின்றால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாளே. மதியம் இன்னும் கஷ்டமாகிவிட்டது. செவ்வாய் காலை கொட்டகைக்குப் போனபோது குழாயில் "தண்ணி" என்று மட்டும் வந்தது. மறுபடி கரி ஏற்றினேன். அலோய்ஸ் தெருவில் நின்று புகையைப் பார்த்துவிட்டு, எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார். நானும் கையாட்டினேன்.

புதன் அன்று குழாயில் ஒன்றும் இல்லை. அன்றும் ஏற்றினேன்.

வியாழன் சுரங்கக்காரர்களின் பார்பரா திருநாள். அலோய்ஸ் கறுப்புச் சீருடை, தொப்பியில் இறகு, கையில் கேக்கோடு வந்தார். திருநாளாச்சே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்று. கதவு திறக்கவில்லை, உடைத்தார். படியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "புகை வந்துச்சே, தினமும் புகை வந்துச்சே" என்று அந்த மனுஷன் அழுததை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இடுப்பெலும்பு முறிந்ததால் சாகவில்லை, தண்ணீர் இல்லாமல் செத்தாள் என்றீர்கள். சரி. விசையைத் தட்டியது நான்தான், மூன்று நாளும் நான்தான். மறுக்கவில்லை.

ஆனால் என் அக்காவைக் கைவிட்டேன் என்று எழுதாதீர்கள் ஐயா. வெளியே உறைபனி. அவளுக்குக் குளிர் தாங்காது. மூன்று நாளில் ஒரு மணி நேரம்கூட அவளை நான் குளிர விடவில்லை.