உண்ணிக்கு மஞ்சள்

இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவியின் மடியில் ஒரு நாயின் கழுத்துப்பட்டி.

“மஞ்சளை நம்பி நாயைச் சாகக் குடுத்திட்டம்,” என்றார் கணவன்.

“உண்ணிக்கு மஞ்சள் பூசச் சொன்னது நீங்கள்தானே?”

“சொன்னனான்தான். அதுக்காக, காதும் வயிறும் அப்பிடி மஞ்சளாகுமட்டும் பூசுறதே? பித்தக்குழாய் அடைச்சு வந்த காமாலை மஞ்சள் அதுக்குள்ள தெரியாமப் போச்சாம். பித்தப்பை வெடிச்ச பிறகு ஒப்பரேஷன் செய்து என்ன பிரயோசனம் எண்டு டொக்டர் கேக்கிறார்.”

“நான் எங்க பூசினனான்? காது மஞ்சளாக் கிடந்ததைக் கண்டிட்டு, நீங்களே பூசுறீங்களாக்கும் எண்டு விட்டிட்டன்.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“நான் தொடவேயில்லை. நீர்தான் பூசுறீர் எண்டு நினைச்சன்.”

தெஹிவளையில் பஸ் நின்று புறப்பட்டது.

“என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றார்.

“எப்பிடிக் கேக்கிறது? எங்கட வீட்டில ரெண்டு பேரும் நாயோடதானே கதைச்சனாங்கள்.”