பார்த்தவர் கையெழுத்து

– சும்மா சொல்லல மேடம், இந்த ஒரு சீட்டுக்காக அஞ்சு மாச வேலையை அந்தரத்துல தொங்க விட்டுட்டு நிக்கிறீங்க. நாப்பத்தொரு சீட்டு ‘முடிஞ்சது’ பக்கம் போயாச்சு. நாப்பத்திரெண்டாவதுல ஒரே ஒரு கையெழுத்து. பேனா இல்லேன்னா சொல்லுங்க, நான் தர்றேன்.

– பேனா இருக்கு மேஸ்திரி அண்ணே. ஒரு நிமிஷம். செஞ்சவர் கட்டத்துல நீங்க போட்டிருக்கீங்க. பார்த்தவர் கட்டம் காலியா இருக்கு. அதுதான் பேச்சு.

– அதுல நீங்க போடுங்க.

– நான் பார்க்கலையே.

– நான் பார்த்துட்டேனே!

– செஞ்சவரே பார்த்தவரா இருக்கக் கூடாதுண்ணே. முதல் நாளே பலகைக்கு மேல எழுதி ஒட்டியிருக்கேன்.

– எழுதி ஒட்டறதுக்கு என்ன குறைச்சல்? இந்தப் பலகை வந்ததுலருந்து நான் குழாய் பதிச்சதை விட சீட்டு ஒட்டுனதுதான் அதிகம். செய்யணும், நடக்குது, பார்க்கணும், முடிஞ்சது. ஒரு திருகு முடுக்கறதுக்கு நாலு வீடு மாறணும். தினமும் காலையில பத்து நிமிஷம் எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சு, நேத்து என்ன செஞ்சே, இன்னிக்கு என்ன செய்வே, என்ன தடைன்னு கேள்வி. பள்ளிக்கூடத்துலயும் நான் வெளியிலதான் நின்னேன். அதுக்காவது ஒரு காரணம் இருந்துச்சு.

– பலகை வர்றதுக்கு முன்னாடி இந்த வார்டு திறப்பு ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. எலக்ட்ரீஷியன் சுவரை மூடுவாரு, நீங்க வந்து உடைப்பீங்க. நீங்க உடைச்சது தெரியாம பெயிண்டர் அடிச்சுட்டுப் போவாரு.

– அந்தப் பெயிண்டர் இப்பவும் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறான்.

– பலகை வந்த பிறகு ஒரு சுவராவது உடைஞ்சுதா?

– உடையல. சரி, பலகைக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுடறேன். கையெழுத்தைப் போடுங்க. நாளைக்கு ஒம்போது மணிக்கு இங்க ஆறு குழந்தைங்க வருது. எல்லாம் குறைமாசம். ஒவ்வொண்ணும் என் முழங்கை நீளம்கூட இருக்காது. அதுங்ககிட்டப் போயி, ‘பார்த்தவர் கட்டம் காலியா இருக்கு, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருங்கடா’ன்னு சொல்லுவீங்களா?

– அதனாலதாண்ணே கேக்கறேன். அந்தச் சீட்டை ஒரு தடவை படிங்க.

– என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்.

– படிங்கண்ணே.

– ‘பன்னெண்டு படுக்கை. ஒவ்வொண்ணுக்கும் தலைமாட்டுச் சுவர்ல ரெண்டு வாய். ஒண்ணு ஆக்ஸிஜன், ஒண்ணு சாதாரணக் காத்து. ஒவ்வொரு வாயையும் திறந்து, எதுல எது வருதுன்னு மீட்டர் வெச்சுப் பார்க்கணும்.’ போதுமா? ராகம் போட்டுப் பாடவா?

– இருபத்திநாலு வாயும் பார்த்தீங்களா?

– பார்த்தேன்.

– ஒண்ணாம் படுக்கையிலருந்தே?

– ஒண்ணுலருந்து பன்னெண்டு வரைக்கும், வரிசையா. எழுதிக் குடுக்கணுமா? ஓ, எழுதித்தான் குடுத்திருக்கேன், செஞ்சவர் கட்டத்துல.

– எவ்வளவு நேரம் ஆச்சு?

– என்ன மேடம் இது, போலீஸ் விசாரணையா? முப்பது வருஷமா ஆஸ்பத்திரிக் குழாய் பத்த வைக்கிறேன். சும்மா சொல்லல, மேஸ்திரின்னா ஊருக்குள்ள நாலு ஆஸ்பத்திரியில எழுந்து நின்னு பேசுவாங்க.

– உங்களைச் சந்தேகப்படல.

– பின்ன? வெல்டர் இருந்தா இந்தத் தலைவலியே இல்ல. என் மச்சான் ஆச்சே, பார்த்தவர் கட்டத்துல எப்பவும் அவன்தான் போடுவான். இன்னிக்கு வேற கட்டடத்துல வேலை, போயிட்டான். எலக்ட்ரீஷியன் மத்தியானமே மூட்டையைக் கட்டிட்டாரு. மிச்சம் நீங்களும் நானும். நான் போட்டா தப்பு. அப்போ நீங்க. இந்தக் கணக்குக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?

– சரி, நானே பார்க்கறேன். மீட்டரைக் குடுங்க. எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க.

– மீட்டரா? அது... மச்சான் எடுத்துட்டுப் போயிட்டான்.

– எப்போ?

– காலையில. அங்க தேவைப்பட்டுச்சாம்.

– போன் பண்ணிக் கொண்டு வரச் சொல்லலாம்ணே.

– மணி நாலு ஆச்சு மேடம்! அவன் அங்க இறங்கி, இங்க ஏறி, வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். நானும் விடிஞ்சா வேற இடத்துல ஆளுங்களோட நிக்கணும்.

– பரவாயில்ல, வரட்டும்.

– நீங்க ஒருத்தர்தான் இப்படி! மேல இருக்கற சூப்பிரண்டுகூட ஒரு வார்த்தை கேக்கல. ‘எல்லாச் சீட்டும் கடைசிப் பத்திக்குப் போயிடுச்சா?’ அவ்வளவுதான் அவருக்கு. உங்களுக்குத்தான் யார்மேலயாவது சிவப்புச் சீட்டு ஒட்டலேன்னா தூக்கம் வராது.

– சிவப்புச் சீட்டு தண்டனை இல்லண்ணே. தடை எங்க இருக்குன்னு தெரிஞ்சா நாலு பேர் சேர்ந்து எடுத்து விடலாம்னுதான்.

– நல்லா எடுத்து விட்டீங்க! ரெண்டு மாசத்துக்கு முன்னாடி திங்கக்கிழமைக் கூட்டத்துல சூப்பிரண்டு முன்னாடி என் பேரை வாசிச்சீங்களே. ‘மேஸ்திரி, தடை ஒண்ணு.’ அதுலருந்து ஒரு வாரம் என் ஆளுங்க என்னைத் ‘தடையண்ணே, தடையண்ணே’ன்னு கூப்பிட்டானுங்க. மச்சான் என் வீட்டுக்குப் போய் அவன் அக்காகாரி, அதான் என் பொண்டாட்டிகிட்ட வேற சொல்லி வெச்சான். சோறு போடும்போது சிரிக்கிறா.

– அதுக்கப்புறம் நீங்க ஒரு தடைகூடச் சொன்னதில்ல.

– யாருதான் சொன்னா? தினமும் வட்டமா நின்னு, ‘தடை இல்ல, தடை இல்ல’ன்னு சொல்லிட்டுக் கலைஞ்சு போனோம்.

– நான் அதை முன்னேற்றம்னு நினைச்சேன்.

– நினைப்பீங்க, நினைப்பீங்க.

– அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? வர்ற ஆறு குழந்தையில ஒண்ணு எங்க அக்கா பொண்ணு.

– என்னது?

– பொறந்து பதினோரு நாள் ஆகுது. ஒரு கிலோ இருநூறு கிராம். இன்னும் பேர் வைக்கல, குண்டூசின்னுதான் கூப்பிடறோம். எட்டு வருஷம் கழிச்சு அக்காவுக்குப் பொறந்தவ. இப்ப இருக்கற ஆஸ்பத்திரி இங்கருந்து ரெண்டு மணி நேரம். அங்க ஒரு படுக்கையில ரெண்டு குழந்தை. அக்காவும் மாமாவும் வராந்தாவுலயே கிடக்கறாங்க.

– இத்தனை நாள் நீங்க வாயே திறக்கலையே.

– சொன்னா, சொந்தக் காரியத்துக்காக எங்களை விரட்டறான்னு நினைப்பீங்க.

– நினைச்சிருப்போம். எந்தப் படுக்கை அவளுக்கு?

– ஒண்ணு. டாக்டர் ரூமுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்.

– ஒண்ணாம் படுக்கையா?

– ஆமாண்ணே. போதும், உங்களை ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன். நீங்க பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான். நகருங்க, போட்டுடறேன்.

– இருங்க.

– இவ்வளவு நேரம் போடு போடுன்னது நீங்கதானே?

– பேனாவைக் கீழ வைம்மா.

– ஏண்ணே?

– திறந்தேன். இருபத்திநாலையும் என் கையால திறந்தேன், அது சத்தியம். காத்து வருதான்னு பார்த்தேன். வந்துச்சு. என்ன காத்துன்னு பார்க்கல.

– மீட்டர்?

– மச்சான்கிட்ட இல்லம்மா. என் பெட்டியிலதான் கிடக்கு, செத்து ரெண்டு மாசம் ஆச்சு. உள்ள இருக்கற சென்சார் போயிடுச்சு. அன்னிக்கு என் பேர்ல ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுனீங்களே, அது இதுக்குத்தான்.

– ரெண்டே நாள்ல சரியாயிடுச்சுன்னு நீங்களே எடுத்துட்டீங்களே!

– சீட்டைத்தான் எடுத்தேன். மீட்டர் சரியாகல.

– அப்போ மத்த சீட்டுல வெல்டர் பார்த்தவர்னு போட்டதெல்லாம்?

– டீக்கடை பெஞ்சுல போட்டது. அவன் என்னோடதுக்கு, நான் அவனோடதுக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, மொத்தமா.

– குழாய் மாறியிருக்குமாண்ணே?

– மாறியிருக்காது. மாறியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ரெண்டு குழாயும் செம்பு, ஒரே கனம். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பார்த்தா இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஒண்ணாம் படுக்கைப் பக்கம் பத்த வெச்சது மச்சான். அன்னிக்கு நான் கீழ இருந்தேன்.

– மாறியிருந்தா, வெளியில தெரியுமா?

– தெரியாதும்மா. ரெண்டு வாயும் ஒரே மாதிரிதான் ஊதும். குழந்தை நீலம் பூத்தாத்தான் தெரியும். திட்டும்மா. வாயில வந்தபடி திட்டு. நானே ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, என் பேரைக் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டறேன். சூப்பிரண்டு முன்னாடி நானே வாசிக்கிறேன். நல்லவேளை நீ பிடிவாதமா நின்னே, வேற யாராவது இருந்தா எப்பவோ போட்டுக் குடுத்திருப்பாங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்குத்தானே? முழுசா ஒரு ராத்திரி இருக்கு. சென்சாருக்கு ஆளை விரட்டறேன்...

– அண்ணே, குண்டூசி சீக்கிரம் வரணும்னு, காலையில பதினொரு மணிக்கே ஒரு நகல்ல பார்த்தவர்னு என் பேரைப் போட்டு சூப்பிரண்டுக்கு அனுப்பிட்டேன். அதை நம்பி அவளை மட்டும் இன்னிக்கே அனுப்பறாங்க; அவ இருந்த இடத்துல வேற குழந்தையைப் படுக்க வெச்சுட்டாங்க, அவளை ஏத்திக்கிட்டு வண்டி கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு.