மாப்பிள்ளையை ஓட்டிப் பார்த்த நாள்

— ஆரன் அடி.

— பள்ளிக்கூடப் புள்ளைங்க சைக்கிள்ல போவுதுங்க மாமா. பயந்துடும். அதுங்களா ஒதுங்கட்டும்.

— மாமாவ இப்போதைக்கு மடிச்சு வையி. நீலகண்டன்னு எனக்குப் பேரு இருக்கு. பேரு சொல்லக் கூச்சமா இருந்தா ஐயான்னு கூப்புடு. மொறையெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம்.

— சரிங்கய்யா. சாயங்காலம் பதில் சொல்லிடுவீங்கதானே?

— சொல்றேன்னுதானே ஏறி ஒக்காந்திருக்கேன். பிரான்சுலேருந்து வந்து எறங்கி, கியோம்னு ஒரு பேரச் சொல்லி, எம் மவ முத்தமிழக் கட்டிக்கிறேன்னு நிக்கிற. ஒங்க சித்தப்பாரு தட்டோட வந்து ஒன்னப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாரு. நான் அதுல ஒரு வார்த்தையக்கூட நம்பல. லாரியில கிளீனராவே காலத்த ஓட்டுனவன் நான், பாத்துக்க. ஒருத்தன் பக்கத்துல ஒரு பகல் ஒக்காந்து வந்தா போதும். எவன் பொண்டாட்டிய அடிப்பான், எவன் கடன் வாங்கிட்டு ஓடுவான்னு அவன் கிளட்ச மிதிக்கிறதுலயே சொல்லிடுவேன்.

— என் கிளட்ச் என்னங்கய்யா சொல்லுது?

— இப்பதான் கோட்டுச்சேரி தாண்டியிருக்கோம். பொறு.

— சொல்லப்போனா, எனக்கும் ஊரச் சுத்திப் பாக்கணும்னு ஆசதான். தாத்தா ஊரு இது. நாலஞ்சு தடவ வந்தும் தருமபுரத்து வீட்டவிட்டு எங்கயும் போனதில்ல. போன தடவ அம்மாவக் காய்ச்சலுக்குச் சேத்தப்ப ஆஸ்பத்திரியப் பாத்தேன். அங்கதான் முத்தமிழப் பாத்தேன்.

— அவ நர்சு. எல்லாரையும்தான் பாத்துக்குவா. ஊருல பாக்க என்னத்த இருக்கு? ஒரு பக்கம் கடலு, மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு. நடுவுல கைக்குட்டையாட்டம் நம்ம காரைக்கால். காலையில கெளம்புனா எல்லா எல்லையையும் மோதிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம். அந்தா, பூவம் வருது. பெட்ரோல் போட்டுக்க. எல்லை தாண்டுனா வெல கூட.

— விடியக்காலையிலயே போட்டு வச்சிட்டேங்கய்யா.

— ம். ஓட்டு. தரங்கம்பாடிக் கோட்டையக் காட்டுறேன்.

— வாசல்லயே நெறுத்திடவா?

— அந்த மரத்தடியில நெறுத்து. வெயில் ஏறிடும்.

— கோட்ட நல்லா இருந்திச்சுங்கய்யா. கடலுக்கு எதுத்தாப்ல மஞ்சளா நிக்கிது. ஏறுங்க, கதவ நான் சாத்துறேன்.

— எனக்கு ஒண்ணு வெளங்கல. டிக்கெட்டுக்காரன் ரெண்டு உள்ளூர் டிக்கெட்டக் கிழிச்சுக் கையில குடுத்துட்டான். நீ ஏன் திரும்பிப் போயி, நான் வெளிநாட்டுக்காரன்னு சொன்ன?

— பலகையில வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்னு போட்டிருந்திச்சுங்க. என் பாஸ்போர்ட் பிரெஞ்சுதானே.

— ஒன் மூஞ்சியில எங்க எழுதியிருக்கு? வாஞ்சூர்ல மீன் விக்கிறவனாட்டம் இருக்க. அந்த ஆளே நம்பல. வெளயாடாதீங்க தம்பின்னான். பாஸ்போர்ட்டக் காட்டி, வம்பு பண்ணி, கூடக் காசு குடுத்த ஒரே ஆளு நீதான்.

— வம்பெல்லாம் பண்ணலைங்கய்யா. கேட்டுக்கிட்டேன்.

— அதான். அதுகூடப் பண்ணல.

— அந்தக் கோட்டையப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே.

— என்னத்தச் சொல்ல. டேனிஷ்காரன் கட்டுனான். இங்கிலீசுக்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். பக்கத்துல கோயிலப் பாத்தீல்ல, பாதியக் கடலு தின்னுடுச்சு. மிச்சத்துக்குக் கல்லக் கொட்டி வச்சிருக்காங்க. மேக்க திருப்பு. நெடுங்காடு வழியா திருநள்ளாறு போவோம்.

— எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு. சைகோன்லேருந்து நேரா பிரான்சுக்குப் போயிட்டாராம். ஒங்க அப்பா ஏன் பிரெஞ்சுக் குடியுரிமைய எடுத்துக்கலைங்க?

— பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போனப்ப, பிரெஞ்சா இந்தியாவான்னு கேட்டு, பிரெஞ்சு வேணுங்குறவன் கையெழுத்துப் போடுன்னாங்களாம். எங்கப்பன் எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டான். எழுதிக் குடுத்தா எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அவனுக்கு நெனப்பு. அதனால நாங்க இந்தியா. அவ்வளவுதான் எங்க சரித்திரம்.

— ரோட்டுல நெல்லு காயுதுங்களே. பாதி ரோட்டுக்குக் கல்லு வச்சு அடைச்சிருக்காங்க.

— தை அறுப்பு. களத்துல எடமில்லன்னா இங்கதான் கொட்டுவான். ஏத்திட்டுப் போ. எல்லாரும்தான் ஏத்துறான்.

— அந்தம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எதுர வர்ற பஸ் போவட்டும். அப்பறம் ஓரமா போயிடலாம்.

— பின்னால ஒருத்தன் ஆரனா அடிச்சித் தள்ளுறான்.

— அடிக்கட்டுங்க.

— கோவம் வரலியா ஒனக்கு?

— இதுக்கு எதுக்குங்கய்யா கோவம்?

— வேற எதுக்குதான் வரும்? கோவமே வராதுன்னு ஒருத்தன் சொன்னா நான் நம்ப மாட்டேன். உள்ள எங்கயாவது சேத்து வச்சிருப்பான்.

— வரும்ங்க. வந்தா எழுந்து பாத்திரம் கழுவப் போயிடுவேன்.

— பாத்திரமா?

— அம்மா பழக்குனது. தண்ணிச் சத்தத்துல அடங்கிடும்.

— ஒடைப்பியா?

— எதங்க?

— பாத்திரத்தத்தான். ஆத்திரத்துல ஓங்கி வச்சா ரெண்டு ஒடையும்ல?

— இது வரைக்கும் ஒண்ணும் ஒடையலைங்க.

— ப்ச்.

— கூட்டம் இவ்வளவு இருக்கும்னு நெனைக்கலைங்கய்யா. சனிக்கெழமை இல்லாதப்பயே திருநள்ளாறு இப்புடியா?

— சனி எல்லாக் கெழமையிலயும் புடிக்கிறாரு. சாப்பாடு எறங்கிடுச்சு, வண்டிய எடு. போன் அடிக்கிது பாரு, யாரு?

— முத்தமிழ். ஸ்பீக்கர்ல போடுறேங்க.

— அப்பா, சாப்ட்டீங்களா?

— சாப்ட்டாச்சு முத்தமிழு. சாம்பார்ல உப்பு இல்ல. மாதா கோயிலுக்குப் போறவன், சனி பகவான் வரிசையில மூஞ்சியச் சுளிக்காம நின்னுட்டு வந்திருக்கான்.

— சக்கர மாத்திரை போட்டீங்களா?

— எலையப் போடுறதுக்கு முந்தியே எடுத்து நீட்டிட்டான். பாட்டில் மூடியக்கூட அவனே தொறந்து குடுக்குறான்.

— அதக் குத்தம் மாதிரி சொல்றீங்க.

— நடந்ததச் சொல்றேன்.

— அப்பா, காலையிலயே சொல்லணும்னு இருந்தேன். நீங்க வேணாம்னா நான் போவ மாட்டேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன். ஒங்கள மீறிப் போனா எனக்கு அங்க தூக்கம் வராது. அதனால எனக்காகன்னு பாக்காதீங்க. நல்லா யோசிச்சு, மனசுல உள்ளதச் சொல்லுங்க.

— ம்.

— எனக்கு டூட்டி முடிய நேரமாவும். நண்டுக் கொழம்பு இருக்கு, சுட வச்சிக்குங்க. வச்சிடுறேன்.

— சொல்லப்போனா, அவங்க இப்புடிச் சொன்னது எனக்குப் புடிச்சிதான் இருந்திச்சுங்கய்யா.

— ஒனக்கு எதுதான் புடிக்கல? நான் கொஞ்சம் கண்ண மூடுறேன். காரைக்கால் வந்தா எழுப்பு.

— ஐயா, டவுனுக்குள்ள வந்துட்டோம்.

— தெரியும். நான் தூங்கல.

— கொறட்ட விட்டீங்களே.

— அது சும்மா. ஆளு தூங்கிட்டான்னு போன நோண்டுவியா, வெரட்டுவியான்னு பாத்தேன். நீ பாட்டக் கொறச்சி, வெயில் படாம எம் பக்கம் துண்டக் கட்டுன. சரி, வண்டிய நேரா விடு. இந்தத் தெருவெல்லாம் பிரெஞ்சுக்காரன் கோடு கிழிச்சுப் போட்டது. கோணல் பூரா பின்னால வந்தது. ஏய், நெறுத்து, நெறுத்து. இடிச்சிட்டான்.

— ஆமாங்க. பைக்கு.

— பெயிண்ட்ட வழிச்சிட்டான் பாரு. வாடக வண்டி. எறங்கு, சட்டையப் புடி. நான் சாட்சி.

— இருங்கய்யா, பாத்துட்டு வந்துடுறேன்.

— என்னங்குறான்?

— முட்டியில சிராய்ப்புங்க. பிளாஸ்திரி ஒட்டி விட்டேன். பொண்டாட்டியப் பிரசவத்துக்குச் சேத்திருக்காராம். போவச் சொல்லிட்டேன்.

— வண்டிக்கு?

— வண்டிக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.

— பொய்யா இருக்கும். இந்த ஊருல இடிக்கிறவன் பொண்டாட்டியெல்லாம் பிரசவத்துலதான் கெடப்பா.

— இருக்கலாங்க. பொய்யா இருந்தா அந்தம்மா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்.

— ஓட்டு. அரசலாத்துப் பாலம் வருது. இப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அங்க ஒனக்கு யாராச்சும் இருந்தாளா?

— இருந்தாங்க.

— அப்புடியா. சொல்லு, சொல்லு. மெதுவா ஓட்டு, அவசரமில்ல. வெள்ளக்காரியா?

— இல்லைங்க. ஓரேலின்னு பேரு. காரைக்கால் குடும்பம்தான், அங்க பொறந்தவங்க. முத்தமிழுக்குத் தெரியும்.

— அவகிட்டயும் சொல்லிட்டியா. சரி, ஏன் விட்ட? ஏமாத்திட்டியா?

— அவங்கதான் விட்டாங்க. வேலைக்கு மார்சேய் போறதா இருந்தாங்க, என்னையும் கூப்புட்டாங்க. அப்பதான் அம்மா பனியில வழுக்கி இடுப்பு ஒடஞ்சிருந்தாங்க. இன்னிக்கும் புடிச்சுக்கிட்டுதான் நடக்குறாங்க. அம்மாவ விட்டுட்டு வர முடியாதுன்னேன்.

— ஒன்னால வர முடியாது.

— முடியலைங்க. அதனாலதான் இங்க வந்து இருக்கேன்னும் ஒங்ககிட்ட சொல்ல முடியல. நீங்க எங்ககூட வந்துடுங்க. வீட்டுல ஒரு ரூம்பு காலியா இருக்கு.

— ரூம்பு இருக்கு. ஒங்கம்மா ஒரு ஜன்னல்ல, நான் ஒரு ஜன்னல்ல. மழையப் பாத்துக்கிட்டு. வாணாம். எனக்குத் தெரியாத பாஷையில வண்டி சத்தம் கேட்டாலே தூக்கம் போயிடும். தெக்க ஓட்டு.

— இது பட்டினச்சேரிதானே? படகு பூரா கரையில ஏத்தி வச்சிருக்காங்க. சாயங்கால வெளிச்சத்துல கடலு நல்லா இருக்கு.

— அது எப்பவும் அப்புடித்தான் கெடக்கும். கடைசி எல்லை ஒண்ணு பாக்கி. வாஞ்சூரு.

— அங்க என்னங்க விசேசம்?

— வந்துட்டோம், நீயே பாரு. வரிசையா கடை தெரியுதா? சாராயம் இங்க மலிவு. அந்தாண்ட உள்ளவன் பூரா பொழுது போனா இங்கதான் நிப்பான். நீயும் ரெண்டு பாட்டில் வாங்கிக்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.

— நான் வண்டி ஓட்டுறேங்கய்யா.

— ஓட்டி முடிச்சப்பறம்?

— விசேசம்னா ஒரு கிளாஸ் வைன் குடிப்பேன்.

— அதுக்கு மேல? ஆச வராது?

— தூக்கம் வரும்ங்க.

— ஓரமா நெறுத்து. எஞ்சின அணை. ஊரு முடிஞ்சிபோச்சு. அந்தப் பலகைக்கு அந்தாண்ட நாகூரு.

— அப்ப பதில் சொல்லிடுங்க.

— குடுக்க மாட்டேன்.

— எங்க தப்பு பண்ணேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கப் பாக்குறேன்.

— தருமபுரத்துல ஒங்க தெரு பூரா போயி விசாரிச்சேன். டீக்கடையில கேட்டேன், பால்காரன்கிட்ட கேட்டேன், ஒங்க கோயில்ல மணி அடிக்கிறவன்கிட்ட கேட்டேன். எவனும் ஒரு சொல்லு கொறச்சிச் சொல்லல. சரி, நாமளே தோண்டுவோம்னு இந்த வண்டியில ஏறுனேன். காலையிலேருந்து தோண்டுறேன்.

— ஒண்ணும் கெடைக்கலையா?

— ஒண்ணு கெடச்சிருந்தா இன்னிக்கே தாம்பூலம் மாத்தியிருப்பேன்.

— புரியலைங்க. தப்பு இருந்தாதான் குடுப்பீங்களா?

— நெரவியில எங் கூட்டாளி தெட்சிணாமூர்த்தி இருக்கான். அவன் மவ தேவிகாவ ஒரு முரடன்தான் கட்டிக்கிட்டு பிரான்சுக்குப் போனான். ஒரு வருசம்கூட ஆவல, பொட்டியோட வந்து எறங்கிட்டா. இன்னிக்கு அப்பனும் மவளும் ஒண்ணா ஒக்காந்து சோறு திங்கிறாங்க. ஒங்கிட்ட குடுத்தா என் மவ எதுக்குத் திரும்பி வருவா?