தைலம்மாளுக்குப் போன தூக்குச்சட்டி

தைலம்மாளுக்கென்று சத்துணவு மையத்தில் வாங்கிய சோறு தைலம்மாள் வாய்க்குப் போகவில்லை. அவளை வீட்டில் வைத்துப் பூட்டி, பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். இதை முதலில் எழுதினால்தான் என் பெயரைச் சொல்வேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன், அப்படியே எழுதப்பட்டது.

என் பெயர் பொன்னுரங்கம், தகப்பனார் பெயர் மாயவன், வயது எழுபத்தொன்று. விழுப்புரம் மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டத்தில், வெள்ளிமலை ஏறும் பாதையின் அடிவாரத்திலுள்ள ஓடைமேட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்க நானே கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு மையத்தில் மதியம் ஒருவேளை சோறு உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு உறவுக்காரர்கள் தூக்குச்சட்டியில் வாங்கிப் போவார்கள். சட்டி தெருவில் போவதைப் பார்த்தால் ஆள் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வோம். போய்க் கதவைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை.

தைலம்மாளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. கொல்லை நடுவில் ஒற்றை வீடு. அந்தக் கொல்லையில் பாதி அவளுக்கும், பாதி அவள் ஓரகத்தி இருசம்மாளுக்கும் பாத்தியப்பட்டது. இருவரும் கைநாட்டு வைத்தால் கொல்லை முழுவதும் இன்னொரு கொழுந்தனார் மகன் வீரமுத்துவுக்குப் போகும். இருவரும் வைக்கவில்லை. அவர்கள் செத்தாலும் வாரிசு அவன்தான்.

தைலம்மாளுக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பு அரிக்கும். சாம்பாரில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி என் தட்டில் போட்டு, "இந்தாங்கண்ணே, உங்க வாயி சும்மாதான கீது" என்பாள்.

ஐப்பசி மழையில் அவள் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு வீரமுத்து தினமும் வந்து சோறு வாங்கிப் போனான். ஊரே அவனைப் புகழ்ந்தது. மையத்துப் பாத்திரங்களைக் கழுவிக்கொடுப்பவன் நான். அவன் திருப்பிக் கொடுத்த சட்டியில் ஒரு நாளும் கத்தரிக்காய் மிஞ்சவில்லை. இதைச் சமையல்காரி ராணியம்மாளிடம் சொன்னதற்கு, தாத்தாவுக்குத் தன் பங்கு போன வருத்தம் என்று சிரித்தாள். அதன் பிறகு வீரமுத்துவிடமே கேட்டேன்.

"கெழவி எல்லாத்தையும் துன்னுக்கினு நல்லாத்தான் கீது. நீ உன் தட்டப் பாத்துத் துன்னு மாமா" என்றான்.

அன்று இருட்டியதும் நான் கொல்லைக்குப் போனேன். கதவு வெளியில் பூட்டியிருந்தது. தட்டினேன். உள்ளிருந்து கதவின் அடிப்பக்கம் சுரண்டும் சத்தம் வந்தது. அதன் பிறகு அவள் குரல் கேட்டது.

"சோறா?"

பூட்டைக் கல்லால் தட்டினேன், திறக்கவில்லை. தலையாரி கந்தசாமியைப் போய் அழைத்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. "தெனம் சோறு போற வூடு அது. நாய் பூந்துடும்னு பூட்டிக்கிறான். காலைல பாக்கலாம், போங்க" என்றார்.

காலையில் வீரமுத்து சாவு சொல்லி வந்தான். வயதாகிவிட்டது என்றார்கள். பொழுது சாயுமுன் ஓடைக்கரையில் புதைத்துவிட்டார்கள். பிணத்தை எடுக்கும்போது நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் இல்லை. ஒரு சட்டித் தண்ணீரில் புளியங்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. தைலம்மாளுக்குப் பல் கிடையாது.

மறுநாளே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். பெஞ்சில் உட்காரவைத்து, சாயங்காலம் திருப்பி அனுப்பினார்கள். அதையும் எழுதச் சொல்கிறேன்.

இப்போது இருசம்மாளுக்குக் காய்ச்சல். அவள் மையத்துக்கு வருவதில்லை. அதே தூக்குச்சட்டியில் அதே வீரமுத்து சோறு வாங்கிப் போகிறான். இருசம்மாள் மதியம் பாதி தின்று, மீதியில் தண்ணீர் ஊற்றி இரவுக்கு வைத்துக்கொள்பவள். அவளுடைய சட்டி நேற்று நான் கை கழுவி முடிப்பதற்குள் காலியாகத் திரும்பி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இங்கு வந்திருக்கிறேன். மேசைமேல் இருப்பது அதுதான்.

ஆகையால் தாசில்தார் முன்னிலையில் தைலம்மாளைத் தோண்டியெடுத்து டாக்டர் பார்க்க வேண்டும். பூட்டின் சாவி யாரிடம் இருந்தது என்று வீரமுத்து சொல்ல வேண்டும். ஏன் எழுந்திருக்கவில்லை என்று கந்தசாமி சொல்ல வேண்டும். ராணியம்மாள் இனி வராதவர்களின் சோற்றை யார் கையிலும் கொடுக்காமல், தானே கொண்டுபோய்த் தின்னவைத்துத் திரும்ப வேண்டும்.

இதெல்லாம் பிறகு. சப்-இன்ஸ்பெக்டர் இப்போதே என்னோடு ஜீப்பில் கிளம்பி இருசம்மாள் வீட்டுக்கு வர வேண்டும். பூட்டை உடைக்கக் கடப்பாரை எடுத்துக்கொள்ள வேண்டும். கதவைத் தட்டும்போது போலீஸ் என்று சொல்ல வேண்டாம். சோறு என்று சொல்ல வேண்டும். உயிர் இருந்தால் அதற்குத்தான் பதில் வரும்.

எழுதியதை என்னிடம் கொடுக்கச் சொல்லி நானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்ததுதான். கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) மா. பொன்னுரங்கம்