நரம்புக் கட்டி

— டேய் பாலு, கேன்சர் இல்லன்னு இந்த சிதம்பரம் டாக்டரு சொன்னது எனக்குத்தான? நீ ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற? வா, ஒரு டீ குடிச்சிட்டு காட்டுமன்னார்கோயில் பஸ்ஸ புடிப்போம்.

— எனக்கு டீ வேணாம் மாமா.

— அட, கெடக்குது வுடு. அந்தாளு பிலிம வெளிச்சத்துல வச்சி என்னென்னமோ சொன்னாரு, பாதி புரியல. நீ ஸ்கேன் எடுக்கறவன், எனக்குப் புரியறாப்ல சொல்லு.

— முதுகெலும்பு ஓரமா நரம்புலேர்ந்து மொளைச்ச சாதாக் கட்டி மாமா. சுத்தி மழமழன்னு இருக்குது. கிட்னிய ஒதுக்கித் தள்ளியிருக்குதே தவிர உள்ள பூரல. ஊசி டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல. ஆபரேசன் பண்ணி எடுத்துட்டா தீந்துது.

— அப்ப நடுவுல கறுப்பா தெரிஞ்சிது? அதக் காட்டித்தான அன்னைக்கி நீ, அழுவிப் போச்சி, பரவிடுச்சின்னு சொன்ன?

— அது தண்ணி கோத்தது. இந்த மாதிரி கட்டி பெருசானா நடுவுல அப்படி ஆவுமாம். எனக்குத் தெரியல. மிசின்ல படுக்க வச்சி படம் எடுக்கறது வரைக்கும்தான் என் வேலை மாமா. ஊருல எல்லாரும் வந்து என்னையே கேக்கறாங்க, நானும் பெரிய டாக்டராட்டம் சொல்லிப் பழகிட்டேன். நெனச்சா அசிங்கமா இருக்குது.

— நாந்தானடா உன்ன நச்சரிச்சேன். கடலூரு மஞ்சக்குப்பத்துல உங்க ஸ்கேன் சென்டர் வாசல்ல உன் கையப் புடிச்சிக்கிட்டு, நான் சாவறதுக்குள்ள எம்பொண்ணு காயத்ரிய ஒருத்தன் கையில குடுக்கணும்னு அழுதது யாரு?

— நான் கட்டிக்கிறேன் மாமான்னு சொன்னேன்.

— சொன்ன. அதுக்கு முன்னால எங்கக்கா ரெண்டு தடவ உனக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப, படிப்பு முடியட்டும்னு திருப்பி அனுப்புனவன் நான். சாவு பயத்துல எட்டே நாள்ல கல்யாணத்த முடிச்சேன். அது ஒண்ணுதான்டா எனக்கு உறுத்துது. டீச்சர் ட்ரெயினிங் முடிய இன்னும் நாலே மாசம். மாட்டேன் மாட்டேன்னு அழுதுச்சி. கால்ல விழாத கொறையா கெஞ்சுனேன். ஒனக்காகத்தாம்பான்னு சொல்லிட்டு, புஸ்தகத்தையெல்லாம் மூட்ட கட்டி பரண்ல போட்டுட்டு வந்து மணையில ஒக்காந்துச்சி.

— இப்பவும் என்கிட்ட சரியா பேச மாட்டுது மாமா.

— பேசும், பேசும். இன்னைக்கி விசயம் தெரிஞ்சா மொதல்ல என்னத்தான் ஏசும், ஏசட்டும். பெத்த பொண்ணு படிப்பக் கெடுத்தவன வேற என்ன பண்ணுவாங்க? நீ தெரியாம சொன்னவன், உன் மேல என்ன தப்பு? ஆமா, நீ எடுத்த படத்தப் பாத்து உங்க சென்டரு டாக்டரு ரிப்போர்ட்டு எழுதுவாருன்னியே, அத வாங்குனியா? கல்யாணம் முடியற வரைக்கும் எந்தப் பேப்பரும் என் கண்ணுல காட்டாதன்னு நாந்தான் சொன்னேன்.

— வாங்குனேன்.

— அவரும் தப்பாத்தான் எழுதியிருந்தாரா?

— இல்ல மாமா. கேன்சரா தெரியல, நரம்புக் கட்டி மாதிரிதான் இருக்குது, ஊசி டெஸ்ட் பண்ணிப் பாத்துக்குங்கன்னு எழுதியிருந்தாரு.

— அட, அப்பவே சரியா எழுதியிருக்காரே மனுசன்! அது எப்ப வந்துது?

— மாமா...

— ஏன்டா தலைய குனியற? என்னப் பாத்து சொல்லு. எப்ப வந்துது?

— தாலி கட்டுறப்ப என் சட்டப் பாக்கெட்டுலதான் இருந்துச்சி மாமா.