மேஜைமேல் அடுக்கிய கவர்கள்

ஹரிணி: ...அதுக்கப்புறம் அந்த மீட்டிங் ரூம்ல யாருமே உக்காரல. கவனிச்சீங்களாண்ணா?

பெரியதம்பி: பெங்களூர்ல இருந்து வந்த ஜி.எம்.மே எந்திரிச்சுட்டாரு. நாம எப்படி உக்கார்றது? பையை மடியில வெச்சுக்கங்க மேடம், கம்பெனி பஸ் கெளம்பப்போவுது.

ஹரிணி: நாலு வருஷமா குவாலிட்டி மீட்டிங்ல பேசறேன். ஒருத்தரும் போனைக் கீழ வெச்சதில்ல.

பெரியதம்பி: நாப்பது ஸ்லைடு போட்டா? எங்க லைன்ல அதுக்கு மத்தியானத் தூக்கம்னு பேரு.

ஹரிணி: அண்ணா...

பெரியதம்பி: சும்மா சொன்னேன். ஆனா மெஷின் ஓட்டற நம்ம சென்னம்மாக்கா, ஜி.எம். கேக்கறவரைக்கும் வாயே தெறக்கலீங்களே. ட்ரேயைக் கொண்டாந்து, பைக் இண்டிகேட்டருக்குப் போடற பிளாஸ்டிக் கவரையெல்லாம் மெஷின்ல இருந்து வந்த வரிசையில அடுக்குச்சு. அவ்ளோதான்.

ஹரிணி: டீ பிரேக் முடிஞ்சு வந்த முதல் பதினோரு கவர்லயும் வெடிப்பு. அப்புறம் மேஜைக் கடைசிவரைக்கும்... ஒண்ணுலகூட இல்ல.

பெரியதம்பி: ஜி.எம். ஒவ்வொண்ணா தடவிப் பாத்துட்டே போனாரு. கன்னடத்துல என்னமோ கேட்டாரே?

ஹரிணி: ஏன் இப்படின்னு. அக்காவும் கன்னடத்துலயே சொன்னாங்க. டீ பிரேக் கால் மணி நேரத்துல மோல்டு, அந்த வார்ப்பு அச்சு, ஆறிப்போவுது, திரும்பச் சூடேற விடாம ஓட்டறோம்னு.

பெரியதம்பி: ஆறு மாசமா ரிஜெக்ட் எண்றோம்...

ஹரிணி: நான் ஆள் வாரியா எண்ணினேன். எந்த வரிசையில வந்துச்சுன்னு பாக்கத் தோணவே இல்ல.

பெரியதம்பி: இன்னிக்குக் காரணம் தெரியலன்னா அந்த மெஷின் பேட்ச்ல இருக்கற ஒன்பது பொம்பளைங்களுக்கும் நாளைக்கு வேலை இல்ல. நல்ல நேரம், உங்க லேப்டாப் மக்கர் பண்ணுச்சு. நானும் அக்காவைக் கூப்பிட்டேன்.

ஹரிணி: மக்கர் பண்ணல.

பெரியதம்பி: ம்?

ஹரிணி: காலையில கேன்டீன் மேஜையில அவங்க அடுக்கிப் பாத்துட்டிருந்தாங்க. பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். அப்புறம் ஃபைல் தெறக்கலன்னு பொய் சொன்னேன். கடைசி ஸ்லைடுல... அந்த ஒன்பது பேரும் இருந்தாங்கண்ணா. தப்பு அவங்க மேலன்னு.

பெரியதம்பி: அந்த ஒன்பது பேரையும் எழுதி உங்க ஆபீசுக்கு அனுப்புனவன் நான்தான் மேடம். நேத்து அக்கா வந்து வரிசையைக் காட்டுச்சு. மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரல. அதான், நீங்க டீ எடுக்கற மேஜையில போய் அடுக்குக்கான்னு சொன்னேன்.